வீட்டை எந்த வண்டியில் பூட்டுவது?

கரும்பு அரவைக் காலத்தில் சத்தியமங்கலம், ஆப்பக்கூடல், மோகனூர் பக்கச் சாலைகளில் ஆலையை நோக்கி டிராக்டர்கள் வரிசைகட்டி ஊர்ந்துகொண்டிருக்கும். எஞ்சின் 45 குதிரைத்திறன்; பின்னால் பூட்டிய டிரெய்லரில் எட்டு டன், ஒன்பது டன் கரும்பு. அதே சாலையில் டிராக்டரை முந்திப் பறக்கும் பெரிய டீசல் காரின் எஞ்சின் 200 குதிரைத்திறன். இத்தகைய கார்களுக்கு வெளிநாடுகளில் குறிக்கப்படும் இழுவை எல்லை 3 முதல் 3.5 டன் மட்டுமே. நான்கு மடங்கு வலுவுள்ள எஞ்சினுக்கு மூன்றில் ஒரு பங்குப் பாரம்தான் அனுமதி.

டிராக்டர்காரர் விதியை மீறுகிறார், கார் நிறுவனம் பயப்படுகிறது என்று இதற்குப் பதில் சொல்லிவிடலாம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் விடை அதோடு முடியவில்லை. படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் அடங்கிய டிரெய்லரை வாங்கி, அதையே முழுநேர வீடாக்கிக்கொண்டு ஊர் ஊராகச் செல்ல நினைக்கும் குடும்பம் முதலில் அவிழ்க்க வேண்டிய முடிச்சு இதுதான். எஞ்சின் எவ்வளவு பெரியது என்ற கேள்விக்கு அந்தத் தேர்வில் கடைசி இடமே.

குதிரைத்திறன் எங்கே போகிறது

சமதளத் தார்ச்சாலையில் உருளும் வண்டியைத் தடுப்பவை இரண்டு: டயர் நசுங்கி நிமிர்வதால் வரும் உருளல் தடை, எதிரே வரும் காற்று. உருளல் தடை மொத்த எடையில் நூற்றுக்கு ஒன்றரை முதல் இரண்டு பங்கு. டிராக்டரும் டிரெய்லரும் கரும்பும் சேர்ந்து 12 டன் என்றால், அதைச் சமதளத்தில் நகர்த்தத் தேவையான இழுவிசை ஏறக்குறைய 240 கிலோ எடைக்குச் சமம். மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் அதற்குச் செலவாவது சுமார் 18 குதிரைத்திறன். 45 குதிரைத்திறன் டிராக்டர் அந்த வேலையைச் சிரமமின்றி முடித்து, சிறு மேட்டுக்கும் மிச்சம் வைத்திருக்கும். அதே பாரத்தை மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் இழுக்கச் சொன்னால், காற்றைக் கணக்கில் சேர்க்காமலே 70 குதிரைத்திறன் வேண்டும். டிராக்டர் மெதுவாகப் போவதால்தான் அவ்வளவு இழுக்கிறது.

கேரவன் டிரெய்லர் மெதுவாகப் போவதற்காகச் செய்யப்பட்டதல்ல. இந்த அத்தியாயம் முழுக்க ஓர் எடுத்துக்காட்டு தொடரும்: கோயம்புத்தூரிலிருந்து கிளம்பும் நான்கு பேர் கொண்ட குடும்பம், சாமான்கள் ஏற்றிய பின் 2,500 கிலோ எடையுள்ள டீசல் கார், அதன் பின்னால் 2,000 கிலோ கேரவன். இரண்டும் சேர்ந்த 4,500 கிலோவை இணைப்பெடை என்று அழைக்கலாம். கேரவனின் முகப்பு, நெட்டாக நிற்கும் சுவர் போன்றது. அதனால் காற்றுத் தடை பெரிது. மணிக்கு 60 கி.மீ. வேகத்தில் இந்த இணைக்குச் சுமார் 30 குதிரைத்திறன் போதும். 80 கி.மீ. வேகத்தில் 57 வேண்டும். 100 கி.மீ. வேகத்தில் நூறை நெருங்குகிறது. வேகம் கொஞ்சம் கூடினாலும் டீசல் செலவு எகிறுவதற்கு இதுவே காரணம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் ஏறுவது இதைவிடக் கடினம் என்றுதான் தோன்றும். கல்லாறு தாண்டிய பின் அந்த மலைச்சாலை சராசரியாக 20 மீட்டருக்கு ஒரு மீட்டர் ஏறுகிறது. 14 கொண்டை ஊசி வளைவுகள் இருப்பதால் மணிக்கு 30 கி.மீ. வேகத்துக்கு மேல் போக வழியில்லை. அந்த வேகத்தில் 4,500 கிலோவை ஏற்ற 32 குதிரைத்திறன் செலவாகிறது. அவிநாசி சாலையில் 80 கி.மீ. வேகத்தில் போவதற்கு ஆகும் வலுவில் ஏறக்குறைய பாதிதான் இது. உயரத்தில் காற்று மெலிவதால் எஞ்சின் வலு குறையும். உதகையின் 2,240 மீட்டர் உயரத்தில் காற்றின் அடர்த்தி சமவெளியைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்றைய டீசல் எஞ்சின்களின் டர்போ அந்த இழப்பின் பெரும்பகுதியை ஈடுகட்டிவிடுகிறது.

ஆக, 100 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள எந்த டீசல் எஞ்சினும் இந்தக் கேரவனை நிதானமாக உதகைக்கு ஏற்றிவிடும். சிக்கல் இறங்கும்போது வருகிறது.

இறக்கத்தில் பிறக்கும் சூடு

குன்னூருக்கும் மேட்டுப்பாளையத்துக்கும் இடையே உயர வேறுபாடு சுமார் 1,400 மீட்டர். 4,500 கிலோ அந்த உயரத்திலிருந்து இறங்கும்போது வெளிவிடும் ஆற்றலை மின்வாரியக் கணக்கில் சொன்னால் 17 யூனிட். ஏறும்போது டீசலை எரித்துச் சேமித்த ஆற்றல்தான் இது. இறங்கும்போது அது முழுவதும் சூடாக வெளியேறியாக வேண்டும். வேறு போக்கிடம் இல்லை. டயர்களின் உருளல் தடையும் காற்றும் அதில் கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்குவரை ஏற்றுக்கொள்ளும். மிச்சம் ஏறக்குறைய 12 யூனிட், ஒரு மணி நேரத்துக்குள், எஞ்சினுக்கும் பிரேக்குக்கும் வந்து சேர்கிறது.

எஞ்சினை விட்டுவிட்டு பிரேக் மட்டுமே அதைத் தாங்கினால் என்ன ஆகும்? காரிலும் கேரவனிலும் உள்ள பிரேக் தட்டுகளும் டிரம்களும் சேர்ந்து 40 கிலோ வார்ப்பிரும்பு என்று வைத்துக்கொண்டு, அவை வழியில் கொஞ்சமும் ஆறவில்லை என்றும் கொண்டால், வெப்பநிலை 2,000 டிகிரியைத் தாண்டும். வார்ப்பிரும்பு 1,200 டிகிரியிலேயே உருகிவிடும். உண்மையில் காற்று பட்டு ஆறிக்கொண்டே வருவதால் அந்த நிலை வராது. ஆனால் பிரேக் செயலிழக்க இரும்பு உருக வேண்டியதில்லை. சில நூறு டிகிரி சூட்டிலேயே பிரேக் லைனிங்கின் பிடிப்பு குறையும். பிரேக் ஆயில் 200 டிகிரியை ஒட்டிக் கொதிக்கும். ஈரம் கலந்த பழைய ஆயில் இன்னும் சீக்கிரம் கொதிக்கும். கொதித்த ஆயிலில் குமிழ்கள் நிறைந்தால் மிதி தரைவரை போகும், வண்டி நிற்காது.

மலை இறங்கும் லாரி ஓட்டுநர்கள் வழிவழியாகச் சொல்லும் விதி இங்கே அறிவியல் விதியும்கூட: எந்த கியரில் ஏற வேண்டுமோ அந்த கியரிலேயே இறங்க வேண்டும். தாழ்ந்த கியரில் எஞ்சின் வேகமாகச் சுழன்று, வண்டியின் ஆற்றலைத் தன் உராய்வாலும் காற்றை அமுக்கும் வேலையாலும் கரைத்து, ரேடியேட்டர் வழியாகவும் புகைபோக்கி வழியாகவும் வெளியே தள்ளுகிறது. நியூட்ரலில் உருட்டி டீசலை மிச்சம்பிடிப்பவர் அந்த 12 யூனிட்டையும் பிரேக்கின் தலையில் கட்டுகிறார்.

டிரெய்லருக்குச் சொந்த பிரேக் இருக்க வேண்டும் என்பதை இதே மலையில் ஒரு ரயில் நூற்றாண்டுக்கு மேலாகக் காட்டிக்கொண்டிருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-இல் ஓடத் தொடங்கிய நீலகிரி மலை ரயில், கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையில் பல்சக்கரத் தண்டவாளத்தில் ஏறுகிறது. மிகச் செங்குத்தான இடத்தில் 12 அடிக்கு ஓர் அடி ஏற்றம். எஞ்சின் எப்போதும் பள்ளத்துப் பக்கமே நிற்கும்: ஏறும்போது பின்னாலிருந்து தள்ளும், இறங்கும்போது முன்னால் நின்று தாங்கும். அதோடு ஒவ்வொரு பெட்டியின் முகப்பிலும் ஒரு பிரேக் ஊழியர் நிற்பார். எஞ்சின் பிரேக் மட்டும் போதும் என்று அந்த மலையில் யாரும் விட்டுவிடவில்லை. அவரவர் பெட்டியை அவரவர் பிடித்தாக வேண்டும்.

கேரவனில் அந்த ஊழியரின் வேலையை இரண்டு விதமான பிரேக்குகள் செய்கின்றன. ஒன்று உந்துபிரேக்: கார் வேகம் குறையும்போது டிரெய்லர் முன்னோக்கி உந்துகிறது, அந்த உந்தலே கொக்கியிலுள்ள தண்டை அமுக்கி டிரெய்லர் பிரேக்கை இயக்கும். மின்சாரம் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் நீண்ட இறக்கத்தில் டிரெய்லர் ஓயாமல் உந்திக்கொண்டே இருப்பதால் பிரேக்கும் ஓயாமல் உரசிச் சூடேறும். மற்றொன்று மின்பிரேக்: ஓட்டுநரின் அருகிலுள்ள கட்டுப்பாட்டுக் கருவி, டிரெய்லர் பிரேக்கை வேண்டிய அளவுக்கு, வேண்டுமானால் தனியாகவும், இயக்கும். மலை வழியை அடிக்கடி பயன்படுத்த நினைப்பவருக்கு இரண்டாவதே சரி. எந்த வகையானாலும், கொக்கி கழன்று டிரெய்லர் பிரிந்துபோனால் தானாகவே பிரேக் பிடிக்கச் செய்யும் அறுபடு கம்பி கட்டாயம் வேண்டும்.

சொந்த பிரேக் இல்லாத கேரவன் சமவெளியிலும் ஆபத்துதான். 60 கி.மீ. வேகத்தில் தனியாகச் செல்லும் நல்ல கார், மிதித்த இடத்திலிருந்து சுமார் 20 மீட்டரில் நின்றுவிடும். அதே காரின் டயர்கள் மட்டுமே 4,500 கிலோவையும் நிறுத்த வேண்டுமானால் 36 மீட்டர் ஆகும். ஐரோப்பாவில் 750 கிலோவுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குச் சொந்த பிரேக் கட்டாயம்.

கரும்பு டிராக்டரின் புதிரில் மிச்சமிருந்த பாதி இங்கே அவிழ்கிறது. 20 கி.மீ. வேகத்தில் ஊரும் 12 டன்னிடம் உள்ள இயக்க ஆற்றலைப்போல ஆறு மடங்கு, 80 கி.மீ. வேகத்தில் ஓடும் 4.5 டன் கேரவன் இணையிடம் உள்ளது. இழுவை எல்லையை எழுதும் பொறியாளர், எஞ்சினைப் பார்த்துவிட்டு பிரேக்கையும் பார்த்தே எழுதுகிறார்.

முன்பாரம், பின்பாரம்

காங்கயம் காளை பூட்டிய கட்டை வண்டியில் மூட்டை ஏற்றத் தெரிந்தவருக்கு இந்தப் பகுதி முக்கால்வாசி தெரிந்ததுதான். அச்சுக்கு முன்னே பாரம் கூடினால் முன்பாரம்; நுகத்தடி காளையின் கழுத்தை அழுத்திப் புண்ணாக்கும். அச்சுக்குப் பின்னே கூடினால் பின்பாரம். நுகத்தடி மேலே தூக்கிக்கொள்ளும், மேட்டில் காளைக்கு இழுக்கப் பிடிப்பே இருக்காது. அனுபவமுள்ள வண்டிக்காரர் கழுத்தில் மிதமாக அமரும் அளவுக்கு முன்பாரம் விட்டு ஏற்றுவார்.

கேரவனில் காளையின் கழுத்துக்குப் பதில் காரின் பின்கொக்கி. அதன் மேல் டிரெய்லர் அமுக்கும் எடையைக் கொக்கிப்பாரம் எனலாம். அமெரிக்க வழக்கப்படி அது டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இருக்க வேண்டும். ஐரோப்பியக் கேரவன்கள் இன்னும் குறைவான கொக்கிப்பாரத்தோடு, குறைவான வேகத்துக்கு ஏற்பச் செய்யப்படுகின்றன. எடுத்துக்காட்டுக் குடும்பத்தின் 2,000 கிலோ கேரவனுக்குப் பத்து சதவீதம் என்று கொண்டால் 200 கிலோ.

இந்த 200 கிலோ காரின் மேல் 200 கிலோவாக மட்டும் விழுவதில்லை. கொக்கி பின்அச்சுக்குப் பின்னால் சுமார் 1.2 மீட்டர் தள்ளி இருக்கிறது. முன்னச்சுக்கும் பின்அச்சுக்கும் இடையே 2.75 மீட்டர். பின்அச்சைத் தாங்குபுள்ளியாகக் கொண்ட நெம்புகோலாகக் காரின் உடல் வேலை செய்கிறது. பின்அச்சின் மேல் கூடுவது 287 கிலோ. முன்னச்சிலிருந்து 87 கிலோ கழிகிறது. முன்சக்கரங்கள்தான் வண்டியைத் திருப்புகின்றன, பெரும்பகுதி பிரேக்கையும் பிடிக்கின்றன. அவை இலகுவானால் ஸ்டியரிங் வழுக்கும், இரவில் முகப்பு விளக்கு எதிரே வருபவர் கண்ணில் அடிக்கும். வயலிலிருந்து கரும்போடு மேடேறும் டிராக்டரின் முன்சக்கரங்கள் அந்தரத்தில் தூக்குவதும் இதே நெம்புகோலால்தான்.

நாமக்கல்லின் எரிவாயு டேங்கர்களும் நீண்ட டிரெய்லர் லாரிகளும் இந்தச் சிக்கலை வேறு வழியில் தீர்த்திருக்கின்றன. அங்கே டிரெய்லரின் முன்பகுதி, இழுக்கும் லாரியின் பின்அச்சுகளுக்கு ஏறக்குறைய நேர் மேலே உட்காருகிறது. பாரம் அச்சின் மேலேயே விழுவதால் முன்சக்கரம் தூக்காது. எடையில் கணிசமான பங்கை லாரியே சுமக்கலாம். அமெரிக்காவில் பிக்கப் வண்டியின் தொட்டிக்குள் கொக்கி வைத்து இழுக்கும் பெரிய கேரவன்கள் இதே தத்துவம்தான். இந்தியாவில் விற்கும் சொகுசுப் பிக்கப்புகளின் சுமைதிறன் அதற்குப் போதாது.

வாலாட்டம்

கொக்கிப்பாரம் குறைந்தால் கொக்கி மேலே தூக்குவதோடு நிற்காது. டிரெய்லர் இடமும் வலமுமாக அலையத் தொடங்கும். இதை வாலாட்டம் எனலாம். கொக்கியை மையமாகக் கொண்ட ஊசல் போல டிரெய்லர் ஒரு பக்கம் விலகுகிறது, டயரின் பக்கப்பிடிப்பு அதை நடுவுக்குத் திருப்புகிறது, அது நடுவைத் தாண்டி மறுபக்கம் போகிறது. குறைந்த வேகத்தில் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடச் சிறிதாகி அடங்கிவிடும். வேகம் கூடக்கூட அடங்கும் தன்மை குறைகிறது. ஒரு குறிப்பிட்ட வேகத்துக்கு மேல் ஒவ்வோர் ஆட்டமும் முந்தையதைவிடப் பெரிதாகும். அந்த வேகத்தைத் தாண்டிய பின் ஒரு சிறு தட்டல் போதும், டிரெய்லர் காரையே புரட்டிவிடும்.

அந்த எல்லை வேகம் எங்கே இருக்கிறது என்பதை டிரெய்லரில் சாமான் வைத்திருக்கும் இடம் தீர்மானிக்கிறது. ஒரே எடையுள்ள இரண்டு கேரவன்களில், கனமான பொருட்கள் அச்சையொட்டி நடுவில் இருப்பது அடங்கிப் போகும். முன்முனையிலும் பின்முனையிலும் பிரிந்திருப்பது ஆடும். தராசில் சமநிலை சரியாக வந்தாலும்கூட அது ஆடும், ஏனெனில் முனைகளில் உள்ள எடை ஒருமுறை சுழலத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். கோயம்புத்தூர்க் குடும்பம் கிரைண்டர் இல்லாமல் கிளம்பாது. புவிசார் குறியீடு பெற்ற ஊர்ப்பெருமை அது. கல் கிரைண்டரைப் பின்சுவரையொட்டிய சமையல் மேடையில் வைத்துக்கொண்டு, பின்னால் இரண்டு சைக்கிளும் மாட்டினால், வாலாட்டத்துக்குத் தேவையானதெல்லாம் கூடிவிடும்.

தட்டல் எங்கிருந்து வரும்? கொங்கு நாட்டில் அதற்குத் தட்டுப்பாடே இல்லை. மேற்குத் தொடர்ச்சி மலையில் சுமார் 30 கி.மீ. அகலத்துக்குத் திறந்திருக்கும் பாலக்காட்டுக் கணவாய் வழியாக, தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடி மாதங்களில் பொள்ளாச்சி, உடுமலை, பல்லடம் பக்கம் பாய்கிறது. அங்கே காற்றாலைகள் நெருங்கி நிற்பதற்குக் காரணமும் அதுவே. மேற்கே இருந்து வரும் காற்றுக்குக் குறுக்காக, வடக்குத் தெற்காக ஓடும் சாலைகளில் கேரவனின் நெடுஞ்சுவர் முழுவதும் காற்று வாங்கும். நெருக்கமாக முந்திச் செல்லும் பேருந்து, முன்னே வரும்போது டிரெய்லரைத் தள்ளிவிட்டுக் கடக்கும்போது உள்ளே இழுப்பதும் அதே வேலையைச் செய்யும்.

ஆட்டம் தொடங்கிவிட்டால் வேகத்தைக் கூட்டி நேராக்கப் பார்ப்பதும், ஸ்டியரிங்கை எதிர்ப்பக்கம் வெட்டுவதும் நிலைமையைக் கெடுக்கும். ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்து ஸ்டியரிங்கை நேராகப் பிடிக்க வேண்டும். மின்பிரேக் இருந்தால் டிரெய்லரை மட்டும் மெல்லப் பிடிக்க வேண்டும். அப்போது டிரெய்லர் பின்னுக்கு இழுத்து, இணை நேராகிவிடும்.

எடைமேடைக் கணக்கு

இப்போது தேர்வுக்கு வரலாம். கேரவனின் வெற்றெடை 1,400 கிலோ. உள்ளே 5 மீட்டர் நீளமும் 2.2 மீட்டர் அகலமும், அதாவது சுமார் 118 சதுர அடி. நகரத்து வீட்டில் ஒரு படுக்கையறைக்குச் சமமான இடத்தில் நான்கு பேரின் முழு வாழ்க்கை. விடுமுறைக்குப் போகிறவர்களுக்கும் குடியிருப்பவர்களுக்கும் வேறுபாடு இங்கேதான் தெரியும்: வாரக் கடைசிப் பயணத்துக்கு 200 கிலோ சாமான் போதும்; குடியிருக்க அது மூன்று மடங்காகும். தண்ணீர் 150 லிட்டர், 150 கிலோ. எரிவாயு சிலிண்டர் இரண்டு, 60 கிலோ. பேட்டரிகளும் சோலார் தகடுகளும் 130. பாத்திரம், மளிகை, கிரைண்டர் 120. துணிமணி, புத்தகம், பள்ளிச் சாமான் 110. கருவிகளும் உபரிச் சக்கரமும் 30. மொத்தம் 600 கிலோ சேர்ந்து கேரவன் 2,000 ஆகிறது.

காரின் வெற்றெடை 2,100; அனுமதிக்கப்பட்ட மொத்த எடை 2,750. ஆகவே சுமைதிறன் 650 கிலோ. பெற்றோரும் இரண்டு பிள்ளைகளும் 210, கொக்கி அமைப்பு 30, காரில் வைத்த சாமான் 160, கேரவனின் கொக்கிப்பாரம் 200. கூட்டினால் 600. மிச்சம் 50 கிலோ. ஊரிலிருந்து அம்முச்சி (பாட்டி) ஒருத்தர் ஏறிக்கொண்டாலே எல்லை தாண்டிவிடுகிறது. காரின் இழுவை எல்லை 3,000 கிலோ என்று எழுதியிருக்கலாம். அந்த எல்லையில் மூன்றில் இரண்டு பங்கைத் தொடும்போதே சுமைதிறன் தீர்ந்துபோகிறது. இழுவை எல்லையை மட்டும் பார்த்து வாங்கியவர்கள் மாட்டிக்கொள்ளும் இடம் இதுதான்.

இரண்டாவது சோதனை, எடை விகிதம். பிரிட்டனில் கேரவன் ஓட்டத் தொடங்குபவர்களுக்கு நெடுங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரை: கேரவனின் எடை காரின் வெற்றெடையில் 85 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சட்டமல்ல, அனுபவ அளவு. வாலாட்டம் வந்தால் யார் யாரை இழுப்பது என்ற போட்டியில் கார் ஜெயிக்க வேண்டும் என்பதே அதன் பொருள். 2,100-இல் 85 சதவீதம் 1,785. கேரவனோ 2,000. தேறவில்லை.

குடும்பத்துக்கு இரண்டு வழி: பெரிய கார், அல்லது இலகுவான கேரவன். இரண்டாவதில் பல லட்சம் மிச்சம். தண்ணீர்த் தொட்டியைக் காலியாக வைத்துப் பயணித்து, சேரும் ஊரில் நிரப்பினால் 150 கிலோ குறையும். ஈயப் பேட்டரிகளுக்குப் பதில் லித்தியம் வைத்தால் ஏறக்குறைய 60 கிலோ குறையும். கேரவன் இப்போது 1,790. விகிதம் 85 சதவீதத்தை ஒட்டி வந்துவிட்டது. கொக்கிப்பாரம் 179 ஆகக் குறைவதால் காரில் 71 கிலோ இடம் மிஞ்சுகிறது. அம்முச்சி வரலாம்.

காகிதக் கணக்கை அப்படியே நம்புவதற்கில்லை. குடியிருக்கும் வண்டியின் எடை மாதாமாதம் ஏறிக்கொண்டே போகும். யாரும் எதையும் தூக்கிப் போடுவதில்லை. சரக்குப் போக்குவரத்தால் வாழும் கொங்கு நாட்டில் எடைமேடை இல்லாத நெடுஞ்சாலையே கிடையாது, கட்டணமும் அற்பம். மூன்று முறை ஏற்றினால் போதும்: கொக்கி மாட்டிய நிலையில் கார் மட்டும் மேடையில், பிறகு இரண்டும் மேடையில், பிறகு கேரவனைக் கழற்றிவிட்டுக் கார் மட்டும். முதல் எடையிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் கொக்கிப்பாரம். இரண்டாவதிலிருந்து மூன்றாவதைக் கழித்தால் கேரவனின் முழு எடை.

வளைவும் நீளமும்

பிள்ளைகளுக்குத் தனி அறை வேண்டும் என்று நீளமான கேரவனை நாடுவது இயல்பு. வளைவில் அதற்கு விலை உண்டு. டிரெய்லரின் சக்கரங்கள் கார் போன தடத்தில் போவதில்லை. உட்பக்கமாக வெட்டிப் போகும். கொக்கி 10 மீட்டர் ஆரத்தில் திரும்பும் கொண்டை ஊசி வளைவில், கொக்கியிலிருந்து அச்சுவரை 4.5 மீட்டர் உள்ள கேரவன் சுமார் 1.1 மீட்டர் உள்ளே வெட்டும். அந்த நீளம் 7 மீட்டரானால் 2.9 மீட்டர் வெட்டும். நீளம் ஒன்றரை மடங்கு கூட, வெட்டு இரண்டரை மடங்கைத் தாண்டுகிறது. கொல்லிமலையின் 70 வளைவுகளிலும் திம்பத்தின் 27 வளைவுகளிலும் அந்த 2.9 மீட்டர், உள்புறச் சுவராகவோ எதிரே வரும் பேருந்தின் தடமாகவோ இருக்கும். அங்கே நின்று பின்னோக்கி எடுப்பது, ஸ்டியரிங்கை வலப்பக்கம் திருப்பினால் டிரெய்லர் இடப்பக்கம் போகும் வித்தை.

டிரெய்லரா, ஒரே வண்டியா

1988 மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லரையும் மோட்டார் வாகனம் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. எஞ்சின் இல்லாவிட்டாலும் அதற்குத் தனிப் பதிவு வேண்டும். பட்டறையில் சொந்தமாகக் கட்டி முடித்துவிட்டு ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்குப் போவது தலைகீழ் வரிசை. அங்கீகரிக்கப்பட்ட வடிவமா என்பதை முதலில் கேட்டுக்கொள்ள வேண்டும். காரின் கையேட்டில் இழுவை எல்லையே குறிப்பிடப்படவில்லை என்றால், அந்த இடத்தை விற்பனையாளரின் வாய்ச்சொல்லால் நிரப்ப முடியாது. அந்தக் காரால் இழுக்கக் கூடாது என்றே கொள்ள வேண்டும்.

மாற்று வழி, வேன் அல்லது சிறு பேருந்தின் சேஸ் மேலேயே வீட்டைக் கட்டிய கேரவன் வண்டி. கேரளம் 2021-இல் சுற்றுலாவுக்காக முன்னெடுத்த கேரவன்கள் பெரும்பாலும் இந்த வகையே. கொக்கி இல்லை, வாலாட்டம் இல்லை, பிரேக் எல்லாம் ஒரே நிறுவனம் வடிவமைத்தவை. பால் வாங்கப் போகவும் வீட்டையே ஓட்டிப் போக வேண்டும் என்பது குறை. எஞ்சின் பழுதானால் வீடும் மெக்கானிக் கடையில் நிற்கும். டிரெய்லர் இருந்தால் வீட்டை ஓரிடத்தில் நிறுத்திவிட்டுக் காரில் ஊர் சுற்றலாம்.

கொங்கு நாட்டில் வண்டியோடு வாழ்வதில் நீண்ட அனுபவம் உள்ளவர்கள் திருச்செங்கோட்டு ரிக் வண்டிக்காரர்கள். ஆழ்துளைக் கிணறு தோண்ட மாதக்கணக்கில் வெளி மாநிலங்களில் திரியும் அவர்கள், சமையலும் உறக்கமும் வண்டியையொட்டியே நடத்துகிறார்கள். ரிக்கின் பின்னால் டிரெய்லரைக் கட்டி இழுப்பதில்லை. குழாய்களும் ஆட்களும் டீசலும் தனியாக ஓடும் துணை லாரியில் வருகின்றன. இரண்டு ஓட்டுநர் செலவு ஆனாலும், ஒவ்வொரு பாரத்துக்கும் சொந்த எஞ்சின், சொந்த பிரேக்.

ஒரு குடும்பம் எதைத் தேர்வது என்பது அது எங்கே வாழப்போகிறது என்பதைப் பொறுத்தது. மாதத்துக்கு ஒருமுறை இடம் மாறி, சமவெளி ஊர்களில் நீண்ட நாள் தங்குபவர்களுக்கு 5 மீட்டருக்கு மிகாத, 1,800 கிலோவுக்குள் அடங்கும், மின்பிரேக் உள்ள டிரெய்லரும், 2,100 கிலோவுக்குக் குறையாத வெற்றெடையும் ஏணி வடிவ அடிச்சட்டமும் கொண்ட டீசல் காரும் பொருந்தும். வாரத்துக்கு இருமுறை இடம் மாறி, நீலகிரி, வால்பாறை, கொல்லிமலை என்று மலைகளிலேயே சுற்ற நினைப்பவர்களுக்கு டிரெய்லர் சரிவராது. அவர்கள் ஒரே சேஸில் கட்டிய கேரவன் வண்டியை வாங்குவதே நல்லது.